டில்லித் தட்டி தந்த ஷாக்

யுத்தம் முடிந்த கோடையில், டில்லியிலிருந்து மாற்றலாகி தியாகராய நகரில் குடியேறினோம். டில்லியில் செய்தது போலவே, ஜன்னல்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நாள் முழுவதும் தண்ணீர் தெளித்தேன். குளிர்ச்சி வரவில்லை, புழுக்கம்தான் கூடியது. சுவரெல்லாம் ஈரம். மாடி வீட்டு மாமி வேண்டுமென்றே தண்ணீர் கொட்டுகிறார் என்று சந்தேகித்து, அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

ஒரு நாள் ஜன்னலோரம் இருந்த ஃபேன் ஸ்விட்சைத் தொட்ட என் கணவர் அலறி விழுந்தார். மாமி ஓடிவந்தார்.

"முதல்ல தட்டியைக் கழட்டு! டில்லி வறண்ட ஊர், அங்கே காஞ்சுடும். இங்கே கடல் காத்து, ஈரம் சுவர்லதான் இறங்கும். சொல்ல வந்தா நீ மூஞ்சியைத் திருப்பிண்டு போறே!"

நல்லவேளை, கை மரத்ததோடு போயிற்று. இப்போதெல்லாம் தட்டியில்லாமல் ஜன்னலைத் திறந்தே வைக்கிறேன். சுவரில் ஈரம் கண்டால், மாடியைச் சந்தேகிக்குமுன் என் வீட்டுக்குள் காரணம் தேடுகிறேன்.