ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வந்த வெளிச்சம்

திருப்பதியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த வருடங்களில் பெரும்பகுதி எனக்கு ஒரு தங்க ஊசியின் முனையோடு போயிற்று. ஊசிக்கும் கீழே இருக்கும் தங்கத் தகட்டுக்கும் நடுவே சில அணுக்கள் நிற்கும் அளவுக்கு இடைவெளி. எலக்ட்ரான்கள் அதைத் தாண்ட வழியில்லை. ஆனாலும் தாண்டும். தாண்டும்போது எப்போதாவது ஒன்று துளி வெளிச்சத்தை விட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாது, ஒரு கருவி எண்ணிச் சொல்லும். அந்த எண்ணிக்கைதான் என் வேலை.

அதே ஊசியில் ஓடும் மின்னோட்டத்தின் இரைச்சலை அளப்பது இன்னொருத்தியின் வேலை. எலக்ட்ரான்கள் தனித்தனியாகத் தாண்டுவதால் மின்னோட்டம் சீராக ஓடாது, ஏறி இறங்கும். அந்த நடுக்கத்தைத்தான் இரைச்சல் என்போம். அவள் சித்தூர்க்காரி, பழைய மிஷன் சபைக் குடும்பம், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆய்வகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான்.

மூன்றாம் வருடம் ஒரு காலை, ஊசிக்கு ஒன்றரை வோல்ட் கொடுத்திருந்தேன். ஓர் எலக்ட்ரான் அந்த வோல்ட் தரும் ஆற்றலுக்கு மேல் வெளிச்சமாகத் தர முடியாது. திரையில் அந்த எல்லைக்கு மேலும் எண்ணிக்கை இருந்தது. இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்தால் அப்படி வரும் என்று படித்திருக்கிறேன். எங்கள் கருவியில் வந்ததில்லை. வாரக் கூட்டத்தில் வரைபடம் போட்டுக் காட்டினேன். சத்தியவேடு பக்கம் ஊரில் இருக்கும், நான் நைனா என்று கூப்பிடும் அப்பாவுக்கும் போன் போட்டேன்.

"நம்ம பொண்ணு இன்னாவோ கண்டுபுடிச்சிருக்குதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேம்மா" என்றார்.

கூட்டம் முடிந்ததும் அக்கா கேட்டாள். "கரண்ட்ட ரெண்டு மடங்காக்கிப் பாத்தியா?"

"இல்லக்கா."

"ரெண்டு சேந்து குடுக்கிற வெளிச்சம்னா அது நாலு மடங்காவணும். அத்த பாக்காம சொல்லிக்கினு கீறியே."

பார்த்தேன். மின்னோட்டத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் எண்ணிக்கை அசையவில்லை. மின்னோட்டத்தையே நிறுத்தினேன். அப்போதும் இருந்தது. நான்கு நாள் தேடிய பிறகு, அந்த வாரம் புதிதாகப் பொருத்திய அழுத்தமானியின் சின்ன விளக்கு, கருவியை மூடியிருந்த கறுப்புத் துணியின் கிழிசல் வழியே கசிவதைக் கண்டுபிடித்தோம். ஊசி வேலை செய்யாதபோது கருவி காட்டும் எண்ணிக்கையை இருட்டு அளவு என்று கழிப்போம்; நான் அந்த விளக்கு வருவதற்கு முந்தைய வாரத்து அளவையே கழித்திருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, தவறு என்று சொன்னேன். எங்கள் வழிகாட்டியான சார் தெலுங்கில் "சரே", சரி, என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் தேவலை. நைனாவிடமும் சொன்னேன். "போனா போவுது. துன்னியா?" என்றார்.

பத்து நாள் அக்காவோடு பேசவில்லை. அவள் சொன்னது சரி என்பதைத் தவிர அவள்மேல் எனக்கு வேறு கோபமில்லை. கடைசியில் அவளே வந்தாள்.

"எத்தினி நாளைக்கி மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருப்ப? வெளக்க அடைச்சப்புறம் திரும்ப எண்ணிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. பூஜ்யம்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். இருவரும் உட்கார்ந்து இரண்டு பகல் எண்ணினோம். கொஞ்சம் மிச்சம் இருந்தது. மின்னோட்டத்தை இரட்டித்தபோது அது ஏறக்குறைய நான்கு மடங்கானது. அக்கா அதே நேரத்தில் இரைச்சலை அளந்தாள். அது வழக்கத்துக்கு மேல் போகவில்லை. ஊசி ஆடியிருந்தால் இரைச்சல் கூடியிருக்கும்; ஆகவே ஊசி ஆடியதால் வந்த வெளிச்சம் அல்ல என்று தெரிந்தது. அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வலித்தது.

அடுத்த மாதம் அவள் சித்தூரில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நான் வேறு ஊசிகளிலும் அளந்து, ஒரு வருடம் கழித்து வரைபடத்தை எடுத்துக்கொண்டு சித்தூருக்குப் பஸ் ஏறினேன். ஆசிரியர் அறையில் வைத்துப் பார்த்தாள்.

"இந்த ஒரு புள்ளி மட்டும் ஏன் கீழ கீது?"

"அந்த ஊசி மொட்டையாயிடுச்சிக்கா."

"மறைக்காத. போட்டு வெய்யி. என் பேரு வேணாம், பாதியிலயே வந்துட்டேன்."

"இரைச்சல் அளந்தது நீதானக்கா."

மணி அடித்தது. எழுந்து வகுப்புக்குப் போனாள். அவள் பெயரையும் சேர்த்தே கட்டுரையை அனுப்பினேன். வெளிவந்தது. மற்றவர்கள் வேறு கருவிகளில் முன்பே கண்டதை நாங்களும் கண்டோம், இரைச்சலையும் கூடவே அளந்தோம் என்பதுதான் அதன் சாரம். அது சின்ன விஷயம்தான்; ஆனால் சரியானது.