கடல்கட்டியிடம் சொல்லாத பதில்

அரிப்பு என்ற கடலோர ஊரில் முத்துக்குளிப்புக் காலம். பள்ளிக்கூடப் பந்தலில் மாலையில் ஊராருக்கு நான் பிரசங்கம் செய்வதுண்டு. அன்றைக்கு எனக்கு வாய்க்கொழுப்பு. "மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுறன் எண்டு கடல்கட்டி சொல்லுறது சுத்த ஏமாத்து!" என்று முழங்கினேன். குளிக்கப் போகிறவர்களுக்காகக் கரையில் நின்று மந்திரம் சொல்லும் கடல்கட்டி, முன்னால் இருந்தவர், தலையைக் குனிந்துகொண்டார்.

முத்துக் குளிக்கும் சூசை எழும்பினான். "அப்ப நாளைக்கு அவர் வேண்டாம். நீங்கள் வந்து என்ர கயித்தைப் பிடியுங்கோ, மாஸ்டர்."

சபை முழுக்க என்னையே பார்த்தது. "ஓம், வாறன்" என்றேன்.

மறுநாள் நடுக்கடலில் சூசை கல்லோடு இறங்கினான். கயிறு என் கையில். கொஞ்ச நேரத்தில் தோணிக்கு அடியால் நீளமாக ஒரு நிழல் போனது. என் கை விறைத்துவிட்டது. "கடல்கட்டி ஐயா, காப்பாத்துங்கோ" என்று வாய் தானாக முணுமுணுத்தது. அதன் பிறகுதான் கை அசைந்தது. இழு இழு என்று இழுத்தேன். சூசை முழுசாக மேலே வந்தான்.

கரையில் கடல்கட்டி முழங்கால் தண்ணீரில் நின்றார். ஒருவரும் கூப்பிடவில்லை. ஆனாலும் தோணிகள் திரும்பும்வரை வழக்கம்போலப் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றிருக்கிறார்.

"நான் நிக்கிறன் எண்டு ஒருக்காலாவது நினைச்சனீங்களோ, மாஸ்டர்?" என்று மெல்லக் கேட்டார்.

தோணிக்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இல்லை" என்றேன்.

மந்திரம் சுறாவைக் கட்டுமென்று இப்போதும் நான் நம்பவில்லை. ஆனால் பந்தலில் அவ்வளவு பேசிய எனக்கு, அந்த மனிதரிடம் உண்மை சொல்ல வாய் வரவில்லை. இப்போது அவர் உயிரோடு இல்லை.

ஓம் ஐயா, நினைச்சனான்.