மிஸ் மங்களாவின் அறைக்குப் போய் வந்தவர்களுக்கு

சென்ற செவ்வாய்க்கிழமை, பள்ளி ஓய்வறையில் நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்த சக ஆசிரியர், “பைத்தியங்களுக்கு வைத்தியம் பாக்குமே ஒரு மிஸ், அது போயிடுச்சுலா” என்றார். மரண அறிவிப்பில் மிஸ் மங்களேஸ்வரியின் படம். “அப்படியா” என்று மட்டும் கேட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்குப் பஸ் ஏறினாலே நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். மாரடைப்பு வந்து சாகப்போகிறேன் என்று பாதி வழியில் இறங்கிவிடுவேன். வீடு இருந்த ஜெலுத்தோங்கிலிருந்து பள்ளிக்குப் போவதே பெரும்பாடாகி, வேலை போகும் நிலை வந்தது. இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று மூன்று முறை சோதித்துச் சொன்ன டாக்டர்தான் மனநலம் பார்க்கும் மிஸ் மங்களாவிடம் அனுப்பினார்.

அவர் மாத்திரை தரவில்லை. என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறேன் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார். ‘பஸ்ஸிலேயே செத்துவிடுவேன், தொண்ணூறு’ என்று எழுதினேன். “பயம் சொல்றதக் கேளுங்க சார். ஆனா உடனே நம்பிடாதீங்க, சாட்சி கேளுங்க” என்றார்.

சாட்சி தேட அவரே என்னோடு பாலிக் புலாவ் பஸ்ஸில் ஏறினார். கதவோரம் உட்காரக் கூடாது, சட்டைப்பையில் தைலக் குப்பி கூடாது என்று கண்டிப்பு வேறு. மலை வளைவுகளில் நெஞ்சு அடித்துக்கொண்டது, அவர் இறங்க விடவில்லை. படபடப்பு தானாக ஏறி, தானாகவே தணிந்தது. போய்ச் சேர்ந்ததும் அவர் சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தார். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “சாகப்போறேன்னு சொன்னது நீங்க, வாந்தி எடுத்தது நானு” என்று சிரித்தார். தாளில் நாற்பது என்று எழுதினேன். நாலு மாதத்தில் தனியாகவே பஸ்ஸில் போய் வந்தேன்.

இனிச் சொல்வது வெட்கக்கேடு. அதே சமயத்தில் மாமியார் வீட்டார் என்னை மந்திரிக்கும் போமோ ஒருவரிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டியிருந்தார்கள். நான் தேறியதும் பெயரெல்லாம் கயிற்றுக்குப் போனது. நானும் மறுக்கவில்லை. போமோவிடம் போனதைத் தெருவெல்லாம் சொல்லலாம், மிஸ் அறைக்குப் போனதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். என்ன ஊர் இது, நான் என்ன மனுஷன்.

பிறகு ஒருநாள் அவர் ஓர் உதவி கேட்டார். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, வெளியே வரவே பயந்து கிடந்த ஒரு பெண், இதிலிருந்து மீண்டவர் யாரையாவது கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்கிறாளாம். “அர மணி நேரம் வந்து பேசுங்க சார், போதும்.” விஷயம் வெளியே தெரிந்தால் பிள்ளைகளின் பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்று நழுவினேன். அவர் கோபப்படவில்லை. “உங்க பயத்துக்கு வழி காட்ட முடிஞ்சது சார். வெக்கத்துக்கு முடியல” என்றார். அந்தப் பெண் வருவதை நிறுத்திவிட்டாள் என்று பின்னர் தெரிந்தது.

இறுதிச் சடங்கன்று அவர் வீட்டு எதிரே காப்பிக்கடையில் நாலைந்து பேர், ஆளுக்கொரு மேசையில். எல்லாம் அந்த அறை வாசல் பெஞ்சில் பார்த்த முகங்கள். ஒருவரையொருவர் தெரியாதது போல் குடித்துக்கொண்டிருந்தோம். அவரைத் தூக்க ஆள் போதாமல் பக்கத்து வீட்டுச் சீனர்கள் கைகொடுத்தார்கள். அப்போதும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அவர் கேட்டு நான் தராத அந்த அரை மணி நேரம். முகம் தெரியாத அந்தத் தங்கை எங்கிருந்தாவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: மீண்டவன் ஒருவன் இருக்கிறான். பெயர் கா. இராமலிங்கம். தமிழ்ப்பள்ளி ஆசிரியன். மிஸ் மங்களாவின் நோயாளி.