புதுக்குட்டைக் குறுக்குவழி

பிரமிளாவால் ஓர் இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. திருப்பதி அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருப்பவள் திடீரென்று எழுந்து ஜன்னலுக்குப் போவாள். கீழே ரேணிகுண்டா சாலையில் போகிற பஸ்களின் பலகைகளை ஒவ்வொன்றாகப் படிப்பாள். திரும்பி வந்து வரைந்ததில் பாதியை அழிப்பாள். ஹாஸ்டல்காரம்மா ஒருமுறை கேட்டே விட்டார், “ஏம்மா, உனக்கு யாராவது பஸ்ல வரணுமா?” என்று. யாரும் வரவேண்டியதில்லை.

ஆந்திராவின் பாலசமுத்திரம் மண்டலத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய ஒரு குடியிருப்பில் 1979-இல் பிறந்தாள். அப்பா வெங்கடசாமி பிறர் நிலத்தில் கரும்பு வெட்டியவர். அரசாங்கம் கொடுத்த ஒன்றரை ஏக்கர் மேட்டுநிலம் கைக்கு வந்தபோது அவளுக்கு ஏழு வயது. ஐந்தாவது வரை தமிழில் படித்தாள். ஆறாவதிலிருந்து தெலுங்கு. சித்தூரில் சிவில் டிப்ளமோ சேர்ந்தபோது எல்லாமே ஆங்கிலம். மூன்று முறை மொழி மாறியதில் ஒன்று நடந்தது. எந்த மொழியில் பேசினாலும் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம் அவளுக்குள் தங்கிவிட்டது. அதனால் எதையும் வேகமாகச் சொல்லி முடித்துவிடுவாள்.

1999-இல் பெங்களூர் போனாள். சாஃப்ட்வேர் கம்பெனிகள் ஏக்கர் ஏக்கராக வளாகம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வளாகங்களுக்குத் தோட்டமும் நடைபாதையும் குளமும் வடிவமைத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் படம் வரையும் வேலை கிடைத்தது. முதல் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது வெங்கடசாமிக்கு அதை விளக்குவதுதான் பெரிய வேலையாக இருந்தது.

“தோட்டம் போடுறதுக்கு எதுக்கு பாப்பா காயிதம்? மம்முட்டி இருந்தா பத்தாதா?”

“எந்த மரம் எங்க வரணும், தண்ணி எந்தப் பக்கம் வடியணும், ஜனங்க எந்த வழியா நடக்கணும்னு முன்னாடியே வரைஞ்சி வெக்கணும் நைனா.”

“அதுக்கு ஒரு ஆபீசு?”

“ஆபீசு இல்ல நைனா, அஞ்சு மாடி.”

பேச்சு வழக்கம்போல் கல்யாணத்துக்குப் போனது.

பெங்களூரில் ஆறு வருடத்தில் நான்கு ஹாஸ்டல் மாறினாள். கூட வேலை பார்த்தவர்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 2005-இல் நிறுவனம் திருப்பதியில் ஒரு கிளை திறந்தபோது, தன்னை அங்கே அனுப்பும்படி அவளே கேட்டாள். வீட்டுக்குப் பக்கம் என்று எல்லோரிடமும் சொன்னாள். உண்மையில், இடம் மாறினால் மனசுக்குள் இருக்கும் அந்த அரிப்பு அடங்கும் என்று நினைத்திருந்தாள். அடங்கவில்லை.

திருப்பதிக் கிளையில் மொத்தம் எட்டுப் பேர். தலைவர் கிரண்குமார் நல்ல வடிவமைப்பாளர், யாரிடமும் சத்தம் போட்டுப் பேசாதவர். ஒப்புக்கொண்ட தேதிக்குள் வேலை முடியாவிட்டால் மட்டும் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

2007-இல் புதுக்குட்டை வேலை வந்தது. சித்தூர் ஓரத்தில் தூர்ந்து கிடந்த ஒரு பழைய குட்டை. அதைச் சீர்செய்து, சுற்றிலும் பூங்கா அமைக்க அந்தப் பகுதியின் அபிவிருத்திக் குழு முடிவு செய்திருந்தது. சுற்றியிருக்கும் ஜனங்களைக் கூட்டி, படத்தைக் காட்டி, சம்மதக் கையெழுத்து வாங்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. தமிழும் தெலுங்கும் பேசத் தெரிந்தவள் என்று பிரமிளாவை அனுப்பினார் கிரண்குமார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் கூட்டம். நாற்பது பேர் போல வந்திருந்தார்கள். நீரூற்று, குழந்தைகள் ஊஞ்சல், நடைப்பயிற்சிப் பாதை, சுற்றிலும் கம்பி வேலி, பெரிய சாலைப் பக்கம் வாசல் என்று சுவரில் மாட்டிய படத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. கையெழுத்துத் தாளைச் சுற்றுக்கு விட்ட நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார்.

“ஏம்மா, ஃபேக்டரிக்குப் போற வழி இருக்குமில்ல?”

பிரமிளா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்.

“எல்லா வழியும் இருக்கும்கா. நீங்க சந்தகம் போடுங்க.”

சந்தகம் என்றால் கையெழுத்து. தெலுங்கு வார்த்தைதான், ஆனால் அந்தப் பக்கத்துத் தமிழில் அதுதான் புழக்கம். அந்தப் பெண்மணி போட்டார். எந்த ஃபேக்டரி, எந்த வழி என்று பிரமிளா கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அந்தக் கேள்வி ஒருமுறை மனதில் வந்தது. காணிப்பாக்கம் கோயிலுக்குப் போகும் கூட்டம் ஏறிய நெரிசலில் போய்விட்டது.

பூங்கா 2008 ஏப்ரலில் திறந்தது. புகைப்படங்கள் அழகாக வந்திருந்தன. மே இரண்டாவது வாரம் குழுச் செயலாளரிடமிருந்து ஒரு கடிதம். பின்பக்க வேலியை யாரோ வெட்டியிருக்கிறார்கள், சரிசெய்தோம், மறுபடியும் வெட்டிவிட்டார்கள். நிறுவனம் வந்து பார்த்து, வெட்டியது யார், எப்படித் தடுக்கலாம் என்று எழுத்தில் தரவேண்டும்.

“போட்டோ எடு, வேலிக்குக் கீழே ஒன்றரை அடிச் சுவர் போடலாம்னு எழுதிடு, முடிஞ்சுது” என்றார் கிரண்குமார் தெலுங்கில்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு பிரமிளா கிளம்பினாள். ஏழு மணிக்கெல்லாம் புதுக்குட்டை போய்ச் சேர்ந்தபோது வேலியின் ஓட்டை வழியாகப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கம்பியைச் சேலைத் தலைப்பால் சுற்றித் தூக்கிப் பிடித்திருக்க, மற்றவர்கள் தூக்குவாளியை முன்னே தள்ளிவிட்டுக் குனிந்து அந்தப் பக்கம் போனார்கள். அந்தப் பக்கம் வயல்வரப்பு. அதன் கோடியில் மாங்கூழ் ஆலையின் புகைபோக்கி. மாம்பழக் காலத்தில் அங்கே பழம் அறுக்கவும் கொட்டை எடுக்கவும் நூற்றுக்கணக்கில் பெண்கள் வேண்டும். கூழ் டின்களில் அடைபட்டு வளைகுடா நாடுகளுக்குப் போகும்.

கம்பியைப் பிடித்திருந்த பெண்மணி பிரமிளாவின் கேமராவைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

“நீதான அன்னிக்கி இஸ்கூல்ல பேசுனது?”

பின்வரிசையிலிருந்து எழுந்து கேட்டவர். பெயர் செல்லியம்மா.

“எல்லா வழியும் இருக்கும்னு சொன்னியே, எங்க கீது? காட்டு.”

“அக்கா, எனக்கு அப்போ…”

“வேலிய வெட்டுனது நான்தான். எங்க வீட்டுக்காரர் கட்டிங் பிளேயர்லதான் வெட்டுனேன். எழுதிக்க. மறுபடி கட்டுனா மறுபடி வெட்டுவேன். நேரமாவுது, நவுரு.”

பிரமிளா நகர்ந்தாள். செல்லியம்மா குனிந்து போனவர், அந்தப் பக்கத்திலிருந்து திரும்பினார்.

“முன்னெல்லாம் குட்டைக்குள்ள எறங்கி ஏறுனா பத்து நிமிசம். இப்போ ஹைவே ஓரமா சுத்திகினு போவணும். பழம் ஏத்திகினு வர்ற டிராக்டர் அல்லாம் அங்கதான் வரும். தாட்சாயணி கால் ஒடஞ்சி கெடக்கறா, தெரியுமா உனுக்கு? போய்ப் பாரு. அதையும் போட்டோ எடு.”

தாட்சாயணியின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. நாற்பது வயதிருக்கும். வலது கால் முட்டி வரை மாவுக்கட்டு. பூங்கா திறந்த இரண்டாவது வாரம் ஹைவே ஓரம் நடந்தபோது டிராக்டரின் பின்சக்கரம் ஏறியிருந்தது. பிரமிளா தான் யார் என்று சொன்னாள். திட்டுவார் என்று காத்திருந்தாள்.

“அந்தப் பார்க் வேலையா? பசங்க ஊஞ்சல் ஆடிட்டு வர்றாங்க, நல்லா கீதாமே” என்றார் தாட்சாயணி. “நின்னுகினே கீறியே, உக்காரும்மா. நாஷ்டா துன்னியா?”

பிரமிளாவால் உட்கார முடியவில்லை. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே வந்தாள். தெருமுனை வரை நடந்து, திரும்பி வந்து, மறுபடியும் தெருமுனைக்கு நடந்தாள். பஸ் நிலையத்தில் திருப்பதி பஸ் இரண்டு அவள் கண்ணெதிரே போயின. மூன்றாவதில்தான் ஏறினாள்.

அலுவலகத்தில் அறிக்கையை நான்கு வரியில் எழுதினாள். வழி வேண்டும் என்று மக்கள் கூட்டத்திலேயே கேட்டார்கள். இருக்கும் என்று நிறுவனத்தின் சார்பில் நான் சொன்னேன். படத்தில் வைக்கவில்லை. தவறு நம்முடையது.

கிரண்குமார் அதை இரண்டு முறை படித்தார்.

“இது போனா அந்தக் குழு அடுத்த வேலையை நமக்குத் தராது. தெரியும்தானே?”

“தெரியும் சார். ஆனா அன்னைக்குப் பேசுனது நான்.”

“படத்தில் கையெழுத்துப் போட்டது நான்” என்று சொல்லிவிட்டு அதை மேசை இழுப்பறைக்குள் வைத்தார். அனுப்புவதா கிழிப்பதா என்று சொல்லவில்லை.

காத்திருப்பது பிரமிளாவுக்கு வராத கலை. அந்த வாரம் மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். சித்தூரில் தோழி வீட்டில் தங்கி, விடியற்காலை ஐந்தரைக்கே புதுக்குட்டைக்குப் போய் நின்றாள். பூங்காவின் வரைபடத்தைப் பலகையில் மாட்டிக்கொண்டு, யார் எங்கிருந்து வந்து எங்கே போகிறார்கள் என்று பென்சிலால் கோடு போட்டாள். முதல் நாள் காலையில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள். பால்காரர்கள் ஒன்பது பேர். கோடுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, பூங்காவின் குறுக்கே கருப்பாக ஒரு பட்டை வந்தது. ஆறு வருடம் பெங்களூரில் நடைபாதைகள் வரைந்திருக்கிறாள். யாராவது நடப்பதைப் பார்த்து வரைந்தது இதுதான் முதல் தடவை.

அந்தத் தாளைக் கொண்டுபோய் கிரண்குமார் மேசையில் விரித்தாள். வியாழக்கிழமை காலை அவரே காரை எடுத்துக்கொண்டு அவளோடு வந்தார். வேலி ஓட்டையருகே நின்றார். கையில் தூக்குவாளியோடு வந்த ஒரு பெண் அவர் தோளை இடித்து, “கொஞ்சம் ஜருகு சார்” என்று விலகச் சொல்லிவிட்டுக் குனிந்தாள். கம்பி அவள் ரவிக்கையின் முதுகில் மாட்டிக்கொண்டது. கிரண்குமார்தான் அதை விடுவித்தார்.

டீக்கடையில் கிளாஸை ஒதுக்கி வைத்துவிட்டு, அவள் புதிதாக வரைந்திருந்த குறுக்குப் பாதையின் படத்தை விரித்தார்.

“எத்தனை அகலம் போட்டிருக்கே?”

“ரெண்டு மீட்டர் சார்.”

“பத்தாது. எதிரும் புதிருமா வருவாங்க. மூணு போடு. அந்த அறிக்கையை இன்னைக்கே அனுப்பிடறேன்.”

குழுச் செயலாளர் கோபப்பட்டார். பிறகு, ஜனங்கள் எழுதிக்கொடுத்தால் பார்க்கலாம் என்றார். இந்த முறை பிரமிளா பள்ளிக்கூடத்தைக் கேட்கவில்லை. ஆலை வாசலில், மாலை ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரத்தில் போய் நின்றாள். கைகளில் மாம்பழப் பால் காய்ந்து கருத்திருக்க, களைத்துப்போய் வந்தவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். பேச எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

“போன தடவ எனக்குத் தெரியாமலே வழி இருக்கும்னு சொல்லிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவசரத்துல சொன்னேன். அது தப்பு.”

அவர்கள் கைகளில் ஈக்கள் மொய்த்தன.

“இப்போ தெரிஞ்சி சொல்றியா?” என்றார் செல்லியம்மா.

“இல்லக்கா. கமிட்டி ஒத்துக்குமான்னு எனக்குத் தெரியாது. படம் வரைஞ்சிட்டேன். நீங்க கேட்டாதான் நடக்கும்.”

செல்லியம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தார். “தெரியாதுன்னு சொல்ற பாரு, அது பரவால்ல. குடு அந்தத் தாள.”

தமிழில் சிலர், தெலுங்கில் சிலர், கைநாட்டு பாதிப்பேர். நூற்றெண்பது சந்தகங்கள்.

குழு ஒத்துக்கொண்டது. ஆனால் காரியம் மெதுவாக நடந்தது. குறுக்குப் பாதையும் இரண்டு வாசல்களும் நவம்பரில்தான் முடிந்தன. அப்போது மாம்பழக் காலம் தீர்ந்து ஆலையே ஓய்ந்திருந்தது. திறந்த அன்று பிரமிளா போய்ப் பார்த்தாள். மூன்று மீட்டர் அகலப் பாதையில் ஒரு ஆடு மட்டும் நடந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கிரண்குமார் சொன்னதுபோலவே அந்தக் குழுவின் அடுத்த வேலை வேறு நிறுவனத்துக்குப் போனது. அவர் ஒருநாளும் அதை அவளிடம் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் அதன்பிறகு எந்த வேலைக்கும், படம் வரையும் முன் மூன்று நாள் நின்று பார்க்கவேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு விதி வந்தது.

அடுத்த மாம்பழக் காலத்தை பிரமிளா பார்க்கவில்லை. 2009 மார்ச்சில் மஸ்கட் போய்விட்டாள், ஹோட்டல்களுக்குத் தோட்டம் வரைய. நல்ல சம்பளம், குளிர்ந்த அறை, யாரும் நடக்காத புல்வெளிகள். மே மாதத்தில் ஒருநாள் தாட்சாயணியின் மகள் போன் செய்தாள். அம்மா அதன்பிறகு வேலைக்கே போகவில்லை, நடக்கும்போது கால் இன்னும் சாய்கிறது, ஆனால் மற்றவர்கள் எல்லோரும் பாதை வழியாகத்தான் போகிறார்கள் என்றாள். “கூட்டமா போறாங்க அக்கா, சத்தம் தாங்கல.” பிரமிளா போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அந்தப் பெண் வைத்த பிறகும் வைத்திருந்தாள்.

மூன்று வருடம் தாங்கினாள். 2012-இல் திரும்பி வந்து, சித்தூரில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையின் மாடியில் சொந்தமாக அலுவலகம் போட்டாள். அவளும் இன்னொரு பெண்ணும் மட்டும். பள்ளி மைதானங்கள், கல்லூரி வளாகங்கள், சந்தைத் திடல்கள் என்று சின்ன வேலைகள்தான் வருகின்றன. வெங்கடசாமி கல்யாணப் பேச்சை விட்டுவிட்டார். இப்போது, ஒரு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடு என்று மட்டும் சொல்கிறார்.

தவறு செய்துவிடுவோமோ என்கிற பயம் போய்விட்டதா என்று கேட்டால் தலையாட்டுகிறாள், இல்லை என்று. முன்பு அந்தப் பயம் வந்தால் வேகமாகப் பேசுவாளாம். இப்போது கேள்வி கேட்கிறாளாம். ராமகுப்பத்தில் பட்டுக்கூடு விற்க வருகிறவர்கள் வெயிலில் நிற்காமல் இருக்க மரநிழல் வேண்டும் என்கிறார்கள். திங்கட்கிழமை அங்கே கூட்டம். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையே போய் இறங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டு, பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள்.