ஐஸ் வைத்துக் காத்திருக்க வேண்டாம்

பிள்ளைகளே, இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். பூனாவிலேயே வளர்ந்த உங்களுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பரவாயில்லை, மெதுவாகப் படியுங்கள்.

மூத்தவளுக்கு டொராண்டோவில் வேலை கிடைத்ததும் திருநெல்வேலியிலிருந்து உங்கள் பெரியப்பா போன் செய்தார். அவர் வேண்டாமென்றால் அம்மா அனுப்பமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அம்மா பக்கத்திலேயே நின்றாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஏலே, அது எவ்வளவு தூரம்னு தெரியுமா?”

“பம்பாய்க்கு டாக்ஸியில நாலு மணி நேரம். அங்கேயிருந்து ப்ளேன். நடுவுல ஒரு ஊர்ல எறங்கி மாறணும். நம்ம வாசல்லயிருந்து அங்க போய்ச் சேர ஒன்னேகால் நாள், அண்ணாச்சி.”

“நாளைக்கு ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பிள்ள வந்து மொகத்தப் பாக்க வேண்டாமா? அதுவரைக்கும் ஒன்ன ஐஸ்லயா வச்சிருக்க?”

எனக்குச் சுருக்கென்றது. தொண்ணூறுகளில் உங்கள் தாத்தா இறந்த செய்தி நான் வேலை பார்த்த சிஞ்ச்வட் தொழிற்சாலைக்கு வந்தபோது, நான் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ரயில் ஏறினேன். மெட்ராஸில் இறங்கி இன்னொரு ரயில். ப்ளேனை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஊர் போய்ச் சேர்ந்தபோது வீடெல்லாம் ஐஸ் உருகிய தண்ணீர், அதில் மரத்தூள் மிதந்தது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியில் தண்ணீரை வாரிக்கொண்டிருந்தார்.

“அப்பாவுக்கு நீங்கதான ஐஸ் வாங்கிப் போட்டீய? நான் பூனாவுலயிருந்து வர ரெண்டு ராத்திரி ஆச்சு. இவ ஒன்னேகால் நாள்ல வந்துருவா. யாரு ரொம்ப தூரத்துல இருந்தது, சொல்லுங்க.”



“அன்னைக்கு ஐஸ் வெல கம்மிலே.”

“எனக்கு ஐஸே வேண்டாம். யாருக்கும் காத்திருக்காம எடுத்துருங்க. மொகம் பாக்கணும்னா உசுரோட இருக்கையிலே வந்து பாக்கட்டும்.”

“பொம்பளப் பிள்ளலே அது.”

“நான் ஆம்பளப் பிள்ளதான? நான் மட்டும் நேரத்துக்கு வந்தேனா?”

“என்னமும் செய்யி” என்று வைத்துவிட்டார்.

அம்மா என்னைப் பார்த்து, “மொதல்ல வாயக் கழுவுங்க” என்றாள். அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து, “பரண்ல இருக்க பெரிய பெட்டிய எறக்கித் தாங்க” என்றாள்.

அன்று சொன்னதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும்தான் சொல்கிறேன். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அலறியடித்து ஓடிவராதீர்கள். கிடைக்கிற ப்ளேனில் நிதானமாக வாருங்கள், வந்து அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஊர் என்ன பேசும் என்று பயந்து பக்கத்திலேயே கிடக்கிற பிள்ளைகள் எனக்கு வேண்டாம்.

மூத்தவளைப் பம்பாயில் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் காலை, அம்மா தூங்கட்டும் என்று கதவை மெல்லச் சாத்திவிட்டு, என்னைக் கொண்டுபோக எவ்வளவு தூரம் என்று நம் சாங்வி ஆற்றங்கரை மயானம் வரை தனியாக நடந்து பார்த்தேன். வியர்க்கக்கூட இல்லை, அதற்குள் வந்துவிட்டது. கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். வழியில் ஒரு வடாபாவ் வாங்கி, நின்றபடியே முழுதும் தின்றேன்.