ஸ்தேன் அன்ரியின் குதிக்கால்

பாரிஸில், லா ஷப்பலில் ஓர் அழகு நிலையத்தில் வேலை செய்கிறேன். முறைப்படி அழகுக்கலை படித்து டிப்ளோம் எடுத்தவள். நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்கும் போவேன்.

சென்ற மாரியில், பாரிஸ் புறநகரான ஸ்தேனில் பாரிசவாதத்தால் படுத்திருக்கும் ஓர் அன்ரிக்கு நகத்துக்குப் பூச்சுப் பூசப் போனேன்.

"குதிக்கால் நோகுது பிள்ளை, அந்தத் தடிச்ச தோலை வெட்டிவிடு. கால் டொக்டர் வர ஒரு மாதம் செல்லுமாம்" என்றார்.

என் டிப்ளோமுக்கு அந்த அனுமதி இல்லை என்று தெரியும். ஆனாலும் மறுக்க மனம் வராமல் வெட்டினேன். துளி இரத்தம் வந்தது.

நாலாம் நாள் அன்ரியின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, அம்மாவுக்குச் சலரோகம் இருக்கோ எண்டு கேட்டனீங்களோ? கால் கறுத்துப்போச்சு. வெட்டி எடுக்க வேண்டி வருமாம்."

நான் கேட்கவே இல்லை. சர்க்கரை வியாதிக்காரரின் காலில் சிறு காயமும் ஆறாமல் அழுகிவிடும் என்று தெரிந்திருந்தும் கேட்கவில்லை. அன்ரியைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் வாசலில், உள்ளே போகத் துணிவின்றி நின்று அழுதேன். "என்ரை கையை எடும் ஆண்டவரே, அவவின்ரை காலை விடும்" என்று மன்றாடினேன்.

ஒரு வார சிகிச்சையில் கால் தப்பியது. பார்க்கப் போனேன். "நான்தானே பிள்ளை கேட்டனான்" என்றார் அன்ரி. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் என்னென்ன நோய் இருக்கிறது என்று கேட்கிறேன். தோலை வெட்டச் சொல்லி யார் கெஞ்சினாலும், "எனக்கு அதுக்கு அனுமதி இல்லை அம்மா" என்று சொல்லிவிடுகிறேன்.