சூக்கா வாசம்

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாரின் வலது கண்ணைக் கட்டியிருந்த வெள்ளைத் துணி இந்த வயதிலும் எனக்கு மறக்கவில்லை. அந்தக் கட்டுக்குக் காரணம் நான்தான்.

மலாய் நாட்டில் ரெங்கத்துக்கு அருகே, ரப்பர் விலை விழுந்து ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த முப்பதுகளின் தொடக்கம். எங்கள் தோட்டத்துத் துரைக்கு மகரந்த ஆராய்ச்சியில் பித்து. பங்களாவை ஒட்டி ஓர் அறை, ஒரு நுண்ணோக்கி. பால் கொட்டகையிலிருந்து என்னை அங்கே மாற்றினார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு தப்பித்தேன் என்றிருந்தேன். நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைந்தவர் யாழ்ப்பாணத்துக் கிராணியார். அவருக்கு இடது கண் பிறவியிலேயே மங்கல். ஆளும் தாளும் தெரியும், நுட்பம் தெரியாது. வலது கண்தான் அவருக்குச் சோறு போட்டது.

மகரந்தத்தை அமிலக் கலவையில் சுடவைத்தால் உள்ளிருப்பதெல்லாம் கரைந்து வெளிச்சுவர் மட்டும் மிஞ்சும். எந்த அமிலமும் அந்தச் சுவரை அசைக்காது என்று, சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் அவர் சொல்வார். சுடவைப்பது என் வேலை. ரப்பர்ப் பால் உறைய ஊற்றும் காடியை மலாய்க்காரர்போல் நாங்களும் சூக்கா என்போம். கலவையிலும் அதே வாசம். சூக்கா கடுத்தால் தண்ணீர் விடுவது கொட்டகையில் கைக்குப் பழகிப்போன வேலை. ஒரு காலை மூக்கு எரிந்ததும், யோசிக்காமல் சூடான கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றிவிட்டேன். அது சீறி வெடித்தது. பக்கத்தில் குனிந்திருந்தவர் முகத்தைப் பொத்திக்கொண்டு சாய்ந்தார்.

வாளி வாளியாக ஊற்றிக் கண்ணைக் கழுவினேன்.

"என்ன காணும் ஊத்தினீர்?"

"சூக்கான்னு நெனச்சுட்டேங்கய்யா."

துரையிடம் அவர், குழாய் தானாக வெடித்தது என்று சொல்லிவிட்டார். மகரந்தத்துக்கு இருக்கும் சுவர் கண்ணுக்கு இல்லையே என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டு அவிழ்த்த அன்று, துரை தாமே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, வரையச் சொல்லிப் பின்னால் நின்றார். வரைய முடியாவிட்டால் கிராணியாருக்கு அடுத்த கப்பல்தான். அவர் குனிந்தார். பென்சில் அசையவில்லை. காதோரம் வியர்வை இறங்கியது. தகடு நான் தயாரித்தது; அந்தப் பூவுக்கு அவர் முன்பு வரைந்த படத்தையும் பார்த்திருக்கிறேன். மேசையைத் துடைப்பதுபோல் அருகே போய் முணுமுணுத்தேன்.

"செம்பருத்தி. உருண்டை. சுத்தி முள்ளு."

பென்சில் நகர்ந்தது. துரை பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

கிராணியார் தாளைவிட்டு முகத்தை எடுக்கவில்லை. "இனி நீர்தான் பாத்துச் சொல்லோணும். சுவர் எத்தினை அடுக்கு, முள்ளுக்கு அடியில என்ன கிடக்கு, ஒண்டும் விடாமச் சொல்லும்."

அன்றுவரை நான் அந்த நுண்ணோக்கிக் குழலில் கண் வைத்ததே இல்லை. குனிந்தேன். முள்ளும் இல்லை, சுவரும் இல்லை; என் இமைமயிர்தான் தெரிந்தது.